மூன்று வருஷம் யார் சோறு போடுவது?

டிரஸ்ட் ஆரம்பிக்கப் போகிறோம் என்று யோசனை கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரோடு வருவார்கள். சிலர் செல்போனைத் திறந்து லோகோவையும் காட்டிவிடுவார்கள்: இரண்டு கைகள், நடுவே ஒரு செடி. பக்கத்துத் தெருப் பெண் வந்தபோது பெயரும் இல்லை, செடியும் இல்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று மட்டும் இருந்தது. அதில் பிள்ளைகள் பெயர், வகுப்பு, பள்ளி, அதற்கு எதிரே பென்சிலில் ஒரு குறிப்பு. ஒன்றில் 'கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை'. இன்னொன்றில் 'போர்டு தெரியவில்லை என்கிறான், கண்ணாடி வேணுமோ, அம்மாவிடம் சொல்லணும்'. நான் டிரஸ்ட்டுகளுக்குக் கணக்கு எழுதியே காலத்தை ஓட்டியவன். பதிவுப் பத்திரமும் கண்ணாடிச் சட்டம் போட்ட 80ஜி வரிச்சலுகைச் சான்றிதழும் இருக்கிற எத்தனையோ இடங்களில் இப்படி ஒரு நோட்டு இருந்ததில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பி.இ. சிவில் முடித்தவள். ஒன்றரை வருஷமாக வேலை தேடல். ஆஃப் கேம்பஸ், வாக்-இன், நடுவில் குரூப் 4 தேர்வு. சும்மா இருக்கும் நேரத்தில் மொட்டை மாடியில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தது இப்போது இருபத்தைந்துக்கு மேல் போய்விட்டது. "அங்கிள், நான் அப்ளை பண்றதையே நிறுத்திட்டேன். இதையே டிரஸ்ட்டா ஆக்கிடலாம்னு இருக்கேன். அம்மாதான் அழறாங்க" என்றாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் கவலை. 'வேலை கிடைக்காததால் சேவைக்குப் போனாள்' என்று ஊர் பேசும். பேசட்டும். அப்படித் தொடங்கியதில் கேவலம் ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் வெண்டி கோப் என்ற பெண் 1989-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும் வேளையில் மற்றவர்களைப் போலவே பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டார். எதுவும் வாய்க்கவில்லை. கையில் இருந்தது பட்டப்படிப்புக்கு எழுதிய ஓர் ஆய்வேடு. நல்ல கல்லூரிகளில் படித்து முடித்தவர்கள் இரண்டு வருஷம் ஏழைப் பள்ளிகளில் போய்ப் பாடம் நடத்த வேண்டும் என்பது அதன் யோசனை. வேலைக்கு எழுதிய கையோடு, இந்த யோசனைக்குப் பணம் கேட்டு கம்பெனித் தலைவர்களுக்கு எழுத ஆரம்பித்தார். மொபில் எண்ணெய் நிறுவனம் 26,000 டாலர் கொடுத்தது. பிறகு ராஸ் பெரோ என்ற பெரும் பணக்காரர் 5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டார், அதைப் போல மூன்று மடங்கை வேறு இடங்களில் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1990-இல் சுமார் ஐந்நூறு ஆசிரியர்கள் வகுப்புக்குள் போனார்கள். அதுதான் 'டீச் ஃபார் அமெரிக்கா'. அதன் வழியில் இங்கே 2009-இல் முதல் அணியை அனுப்பியதுதான் 'டீச் ஃபார் இந்தியா'.

இந்தக் கதையை மேடையில் சொல்கிறவர்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியும் இருக்கிறது. தொடங்கிய சில வருஷங்களில் சம்பள நாள் நெருங்கும்போதெல்லாம் பணத்துக்கு அல்லாடியதை கோப் தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். சில வாரப் பயிற்சியோடு புதியவர்களை ஏழைப் பிள்ளைகளின் வகுப்புக்கு அனுப்பலாமா என்று கல்வியாளர்கள் கேட்பதும் இன்றுவரை ஓயவில்லை. அது நியாயமான கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன். நல்ல மனசோடு செய்வதால் வேலை நன்றாக இருந்துவிடும் என்று யாரும் எழுதித் தரவில்லை.

இன்னொன்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வேலை தேடலை விட்டுவிட்டதாக அவள் நினைக்கிறாள். விடவில்லை. இனிமேல் ஹெச்.ஆருக்குப் பதில் நன்கொடையாளர். "பார்த்துட்டுக் கூப்பிடறோம்" என்ற அதே வாக்கியத்தைத்தான் அவர்களும் சொல்வார்கள், அவர்களும் கூப்பிட மாட்டார்கள். ஒரே வித்தியாசம், இதுவரை தனக்காகக் கேட்டாள், இனி இருபத்தைந்து பிள்ளைகளுக்காகக் கேட்பாள். அது சிலருக்குச் சுலபமாக இருக்கிறது. தனக்கென்று வாய் திறக்காதவர்கள் பிறருக்கென்று வெட்கமில்லாமல் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு இன்னும் கஷ்டம்.

சரி, டிரஸ்ட் எப்படிப் பதிவு செய்வது? இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள், இருப்பதிலேயே சுலபமான பகுதியும் இதுதான். அமைப்பாகப் பதிய மூன்று வழி உண்டு. டிரஸ்ட் என்றால் முத்திரைத்தாளில் அறக்கட்டளைப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டமும் கமிஷனரும் தமிழ்நாட்டில் இல்லை. சங்கம் என்றால் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைந்தது ஏழு பேர், மாவட்டப் பதிவாளர், வருஷா வருஷம் பொதுக்குழு. மூன்றாவது, 2013 கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கமில்லாத கம்பெனி. இதில் கட்டுப்பாடும் கணக்குத் தாக்கலும் அதிகம், அதனாலேயே பெரிய நிறுவனங்களிடம் மதிப்பும் அதிகம். மாடி ட்யூஷனுக்கு டிரஸ்ட் போதும். ஏழு பேரை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே கருத்துக்குக் கொண்டுவரும் திறமை இருந்தால் சங்கம் வைக்கலாம். எனக்கு அந்தத் திறமை இல்லை, ஆகவே நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

பத்திரம் பதிந்ததும் டிரஸ்ட்டுக்குத் தனியாக பான் கார்டு வரும். உங்கள் பான் எண்ணில் நான்காவது எழுத்தைப் பாருங்கள், 'பி' என்று இருக்கும், தனிமனிதர் என்று பொருள். டிரஸ்ட்டின் பானில் அந்த இடத்தில் 'டி' இருக்கும். வருமான வரித் துறையைப் பொறுத்தவரை அன்றைக்கு ஒரு புது ஆள் பிறந்திருக்கிறார். அந்த ஆளின் பணம் உங்கள் பணம் அல்ல. இது மண்டையில் ஏற நாளாகிறது. அந்தப் பெண் இப்போது பெற்றோர்களும் பழைய நண்பர்களும் கொடுப்பதைத் தன் சொந்த ஜிபே நம்பரில் வாங்கிக்கொண்டிருக்கிறாள். நோட்டில் ஒழுங்காக எழுதியும் வைத்திருக்கிறாள். ஆனாலும் உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இப்படி வந்தால், சட்டத்தின் கண்ணில் அது அவளுடைய வருமானம். சாக்பீஸ் வாங்கினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி பணத்துக்கு வருவோம். டீ ஆறினாலும் பரவாயில்லை, இதை நிதானமாகக் கேட்க வேண்டும்.

அவள் மனதில் மூன்று ஊற்றுகள் இருந்தன. டொரண்டோவில் ஒரு மாமா, மாதா மாதம் அனுப்புகிறேன் என்றிருக்கிறார். ஓ.எம்.ஆரில் இருக்கும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதி. மூன்றாவது, கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கும்படி 80ஜி ரசீது கொடுத்தால் தெரிந்தவர்கள் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை.

மாமா கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார். ஆகவே அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை. நம் ரத்தம்தானே என்பதெல்லாம் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குத் தெரியாது. துபாயில் இருக்கும் சித்தப்பா இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கிறார் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அவர் அனுப்புவதில் இந்தச் சிக்கல் இல்லை. மாமாவின் பணத்தை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க அமைப்பு மூன்று வருஷமாவது இயங்கியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நன்கொடைக்கு மட்டும் முன் அனுமதி கேட்க வழி உண்டு என்றாலும் மாமாவின் மாதாந்திரத் தொகைக்காக அந்த வழியில் போவது வீண் அலைச்சல். பதிவு கிடைத்தாலும் பணம் முதலில் வந்து சேர வேண்டிய இடம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளை. 2020-இல் திருத்தம் வந்தபோது நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த வரம்பை 20 ஆக்கிவிட்டார்கள், வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதையும் தடுத்துவிட்டார்கள்.

சி.எஸ்.ஆர். கதையும் இப்படித்தான். நிகர சொத்து மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தாண்டிய கம்பெனி தன் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளி அமைப்பு ஒன்றின் மூலம் செலவிடுவதென்றால் அந்த அமைப்பு அதே மாதிரிப் பணியில் மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும். அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ, கூடவே 80ஜி, இரண்டும் இருக்க வேண்டும், கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தனியாகப் பதிந்து ஒரு எண் வாங்கியிருக்க வேண்டும்.

80ஜி மட்டும் சீக்கிரம் கிடைக்கும். புது அமைப்புக்கு முதலில் தற்காலிகமாக மூன்று வருஷத்துக்குத் தருவார்கள். (2025-இல் வருமான வரிக்குப் புதுச் சட்டமே வந்து பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. ஆனாலும் ஆடிட்டர்கள் வாயிலிருந்து 12ஏ-வும் 80ஜி-யும் போக இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.) ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையவே கிடையாது. மாதச் சம்பளக்காரர்களில் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். ஆகவே 'ரசீது கொடுத்தால் பணம் வரும்' என்பது அந்தக் காலம். இப்போது கொடுக்கிறவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

எங்கே சுற்றினாலும் மூன்று வருஷம் என்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். முதல் மூன்று வருஷம் உன் சொந்தக் காலில் நின்று காட்டு, பிறகு பேசலாம் என்கிறார்கள். இதைச் சதி என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. லெட்டர்பேடு டிரஸ்ட்டுகள் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இந்த மூன்று வருஷத்தை வீட்டில் வசதி இருக்கிறவர்கள் மட்டுமே தாண்ட முடிகிறது என்பதும் உண்மை. அப்பா ரிட்டையர்டு அதிகாரி, சொந்த வீடு, கணவருக்கு நல்ல சம்பளம் என்று இருப்பவர்கள் தாண்டிவிடுகிறார்கள். அந்தந்தத் தெருவிலேயே பிறந்து, அந்தப் பிள்ளைகளின் கஷ்டம் தெரிந்தவர்கள் இரண்டாம் வருஷம் கடையை மூடிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதச் செலவு எழுதியிருந்தாள். நோட்டு, சாக்பீஸ், ஜெராக்ஸ், பிஸ்கட், மாடிக்கு ஒரு டியூப்லைட், மழைக்கு ஒரு தார்ப்பாய். கூட்டி வட்டம் போட்டிருந்தாள். "உன் சம்பளம் எங்கே?" என்று கேட்டேன். "சேவைக்குச் சம்பளமா அங்கிள்?" என்றாள். இந்த ஒரு கேள்வியில் எத்தனையோ நல்ல அமைப்புகள் செத்துப்போயிருக்கின்றன.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிறுவனரோ அறங்காவலரோ அவர்களது உறவினரோ டிரஸ்ட்டின் பணத்தில் ஆதாயம் அடையக் கூடாது என்கிறது, உண்மைதான். ஆனால் செய்கிற வேலைக்கு நியாயமான சம்பளம் வாங்கினால் அது ஆதாயம் ஆகாது. அதற்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். பத்திரத்தில் அதற்கு இடம் வைத்து எழுத வேண்டும். தொகையை மற்ற அறங்காவலர்கள் கூடி முடிவு செய்து மினிட்ஸ் புத்தகத்தில் பதிய வேண்டும், அந்தத் தீர்மானத்தில் சம்பளம் வாங்குகிறவர் ஓட்டுப் போடாமல் இருக்க வேண்டும். அதே வேலைக்கு வெளியாளை வைத்தால் என்ன கொடுப்போமோ அதற்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான். ஒளித்து வாங்கினால்தான் குற்றம். சம்பளமே வேண்டாம் என்று பெருமையாகத் தொடங்கி, ஆறாவது மாதம் பெட்ரோல், செல்போன் ரீசார்ஜ், ஆஸ்பத்திரி என்று பொய் வவுச்சர் எழுத ஆரம்பித்தவர்களின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். திருடர்கள் அல்ல. பசித்தவர்கள்.

முதல் வருஷம் அந்தச் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்காது. பரவாயில்லை, பட்ஜெட்டில் எழுதியாவது வைக்க வேண்டும். அப்போதுதான் கேட்கிறவர்களிடம் இந்த வேலையின் உண்மையான விலை இவ்வளவு என்று சொல்ல முடியும். இல்லாவிட்டால் அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் அன்று, அந்த இடத்துக்கு ஓர் ஆளை வைக்க என்ன ஆகும் என்று யாருக்குமே தெரியாது.

பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கலாம். மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையில் 58 வயதில் ஓய்வுபெற்று 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வீட்டை அடமானம் வைத்துத் தொடங்கியது. பணம் கொடுக்கக் கூடியவர்களிடம் வாங்கி, இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ அறுவை சிகிச்சை செய்வது என்ற ஏற்பாட்டில்தான் அது இத்தனை பெரிதாக வளர்ந்தது. நன்கொடையை மட்டும் நம்பியிருந்தால் வளர்ந்திருக்காது. மாடி ட்யூஷன் அரவிந்த் ஆகாது, ஆனால் மளிகைக்கடைக்காரர் மகனும் ஆட்டோ ஓட்டுபவர் மகளும் ஒரே பாயில் உட்காரும் இடத்தில், கடைக்காரரிடம் மாதம் 300 ரூபாய் கேட்பதில் பாவம் எதுவும் இல்லை. யார் கொடுக்கிறார்கள், யார் கொடுக்கவில்லை என்பது மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது.

பதிவுக்கு ஓடுவதற்கு முன் அக்கம்பக்கம் பார்ப்பதும் நல்லது. 2021-இல் கொரோனாவால் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அரசு 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தபோது, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தெருத் தெருவாகப் பெண்கள் இதே வேலையைச் செய்தார்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் தெருவில் இருப்பார். அவரிடம் போய்ப் பேசினால் எந்த ஆடிட்டரிடமும் கிடைக்காத விஷயம் கிடைக்கும்: எந்த மாதம் பிள்ளைகள் வருவது குறையும், எந்த வீட்டில் பெண் பிள்ளையை ஆறு மணிக்கு மேல் அனுப்ப மாட்டார்கள் என்பதெல்லாம். தவிர, பத்து வருஷமாக ஒழுங்காகக் கணக்குக் காட்டிவரும் ஒரு பழைய டிரஸ்ட்டின் கீழ் இந்த மாடியை அவர்களுடைய ஒரு மையமாக நடத்திப் பார்க்கலாம். பணம் அவர்கள் கணக்கில் வரும், ரசீது அவர்கள் கொடுப்பார்கள், தணிக்கை அவர்கள் பாடு. நமக்குப் பெயர் இருக்காது. பெயர் வேண்டுமா, மாடி வேண்டுமா என்று அப்போது தெரிந்துவிடும்.

என் யோசனையாகச் சொன்னது இதுதான். வகுப்பு மாலை ஐந்தரைக்குத்தான் தொடங்குகிறது. காலையில் அரை நாள் வேலை தேடு. கட்டட கான்ட்ராக்டர் அலுவலகங்களில் எஸ்டிமேட் போட ஆள் தேவைப்படுகிறது. நீ தேடிய வேலையை விடச் சின்னது, சம்பளமும் குறைவு, ஆனால் மூன்று வருஷம் அம்மாவிடம் கை நீட்டாமல் ஓட்டலாம். அவள் முகம் சுருங்கியது. முழுமூச்சாக இறங்கினால்தான் ஜெயிக்க முடியும் என்று எங்கோ கேட்டிருக்கிறாள். அப்படி ஜெயித்தவர்கள்தான் மேடையில் பேசுகிறார்கள், முழுமூச்சாக இறங்கி மூச்சு முட்டியவர்களை யாரும் பேச அழைப்பதில்லை என்றேன். ஏற்றுக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். யோசிக்கிறேன் என்றாள்.

எழுந்திருக்கும்போது கேட்டாள், "நடத்த முடியாம மூட வேண்டி வந்தா?" மூடலாம். ஆனால் டிரஸ்ட் பேரில் வாங்கிய கரும்பலகையும் ஃபேனும் மீதிப் பணமும் வீட்டுக்கு வராது. அதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போக வேண்டும், அதையும் பத்திரத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஜாதி மத பேதமின்றி எல்லோருக்கும் பயன்படும் என்ற வரியும் இருக்க வேண்டும், ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று எழுதினால் வரிவிலக்கு போய்விடும். பத்திர எழுத்தர்கள் பெரும்பாலும் ஒரு பழைய மாதிரியை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் சம்பளப் பிரிவும் மூடும்போது சொத்து எங்கே போகும் என்ற பிரிவும் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் படித்துப் பாருங்கள். அந்த மாதிரிகளில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.